பெட்டி ஒன்று, சாவி பல

உங்கள் வீட்டுப் பிறப்புப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால், "பிஸ்கட் டின்னில், டிரங்குப் பெட்டிக்குள்ளே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். லயத்து வீட்டில் கறையானும் ஒழுகும் கூரையும் விட்டுவைத்த காகிதங்கள் அவை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் நீல அடையாள அட்டை கிடைக்காமல், சிவப்பு அட்டையோடு முதுமையடைந்தவர்களை நாம் அறிவோம்.

சிலிபின் பக்கம் குடியேறிய பிறகு நாங்களும் அந்தக் காகிதங்களைப் படமெடுத்து, 'நாஸ்' என்னும் சேமிப்புப் பெட்டியில் போட்டு வைத்தோம். (அதற்காக டின்னை வீசிவிடாதீர்கள், அன்பர்களே! பதிவு இலாகாவில் மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.) பெட்டி ஒரு ரொட்டி அளவுதான். அதை ரவுட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி எல்லாவற்றிலும் திறக்கலாம்.

வினையும் அங்கேதான் வந்தது. எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வர்டு கொடுத்திருந்தேன். பள்ளி விடுமுறைக்கு வந்த அக்காள் மகன், விளையாட்டுக்கு இடம் போதவில்லை என்று 'பழசு' என்ற ஃபோல்டரை அழித்துவிட்டான். அம்மா பால்மரம் சீவிய காலத்துப் படங்கள் அதில் இருந்தன. உறவுக்காரர்களிடம் இரவல் வாங்கிப் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்தவை. கணினியின் குப்பைத் தொட்டியில் தேடினேன், இல்லை. நாஸில் உள்ளதைக் கணினி வழியாக அழித்தால், அது கணினியின் குப்பைத் தொட்டிக்கு வராது என்பது அன்றுதான் தெரிந்தது. மறுபடியும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். இரண்டு வீடுகளில் ஆல்பமே வெள்ளத்தில் போயிருந்தது. பையனைத் திட்டி என்ன பயன்? கதவைத் திறந்து போட்டது நான்தானே!

இப்போது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வர்டு. பத்திரங்கள், குடும்பப் படங்கள், பிள்ளைகள் பாடம் என்று ஃபோல்டர்களையும் பிரித்துவிட்டோம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும், ஒவ்வொருவருக்கும் மூன்று விதமாக அனுமதி வைக்கலாம்: அறவே இல்லை, பார்க்க மட்டும், எழுதவும் அழிக்கவும். படங்களை எல்லாரும் பார்க்கலாம். அழிக்கும் உரிமை எனக்கும் அக்காளுக்கும் மட்டும். பத்திரங்கள் ஃபோல்டர் பிள்ளைகளுக்குத் திறக்காது. 'பாடம்' அவர்கள் ராஜ்ஜியம். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஒரு சிக்கலில் மட்டும் நானே மாட்டிக்கொண்டேன். எங்களுடையது சினாலஜி பெட்டி. அதில் வீட்டார் எல்லாரும் தாமாகவே ஒரு பொதுக் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் குழுவுக்கு 'அனுமதி இல்லை' என்று வைத்தால், தனியாக உரிமை கொடுத்தவருக்கும் கதவு அடைபடும். 'இல்லை' என்பதே எப்போதும் ஜெயிக்கும். ஆகவே குழுவுக்கு ஒன்றும் குறிக்காமல் விட்டு, ஆளுக்கு ஆள் குறியுங்கள். பாஸ்வர்டு இல்லாமல் நுழையும் விருந்தினர் கணக்கை மூடி வையுங்கள். பெட்டிக்கென்று உள்ள குப்பைத் தொட்டியை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியே இயக்க வேண்டும். அதைக் காலி செய்யும் உரிமை வீட்டில் ஒருவருக்கே இருக்கட்டும்.

வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்று ரவுட்டரில் வழி திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். 2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்ற நச்சு நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 0.01 பிட்காயின் கேட்டது. வீட்டுப் படங்களைப் பறிகொடுத்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருக்கின்றனவே என்று கடைக்காரர் தைரியம் சொல்வார். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் ஒன்றில் அழித்தது அந்த நிமிடமே மற்றதிலும் அழியும். ஈப்போவின் மாலை இடி மின்னலில் இரண்டும் சேர்ந்தே கருகலாம். அதனால் தனி வட்டு இரண்டு வாங்கி, பிரதி எடுத்து, ஒன்றைச் சுங்கை சிப்புட்டில் அக்காள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் போகும்போது புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவோம்.