கரப்பான் யார் கணக்கில்?

வீட்டைக் காலி செய்யும் நாளில் ஹவுஸ் ஓனர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, பூச்சி மருந்துக்கு 3,500, வீடு கழுவ 2,000. மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தவர் 1,29,500 ரூபாயோடு கிளம்பவேண்டியதுதான். "கிச்சன் பூரா கரப்பான், நீங்களே பாருங்க" என்பார் ஓனர். "நாங்க வந்தப்பவே இருந்துச்சு சார்" என்பார் குடியிருந்தவர். இருவரிடமும் சான்று இருக்காது. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சே எடுபடும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. 'வேறு விதமாகப் பேசிக்கொண்டால்' என்ற அந்த இடுக்கு வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் உள்ளே வருகிறது. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றிருந்தது. அப்போதும் பத்து மாதம் வாங்கத்தான் செய்தார்கள்.

சீட்டில் பெரிய தொகை பெயின்டிங்தான். வேடிக்கை என்னவென்றால், சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளரின் வேலையாக எழுதப்பட்டிருக்கின்றன. குடியிருப்பவர் பொறுப்பில் வருபவை குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. பெரும்பாலான பத்திரங்களில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்ற வரி எங்கோ நடுவில் இருக்கும். சாவி வாங்கும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

பூச்சிகளைப் பற்றி அட்டவணையில் பேச்சில்லை. அதனால் பொது விதிக்குத்தான் போகவேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு சொல்வது இது: எந்த நிலையில் வீட்டை வாங்கினாரோ அதே நிலையில் குடியிருந்தவர் திருப்பித் தரவேண்டும், புழக்கத்தால் வரும் இயல்பான தேய்மானம் அதில் சேராது. ஆணி அடித்த சுவரில் நாலு துளை, கைபட்டு மங்கிய சுவிட்ச் ஓரம் எல்லாம் தேய்மானம். மாதக்கணக்கில் துடைக்காத அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு தேய்மானம் ஆகாது.

பூச்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீரும். கரையான் பெரும்பாலும் மண்ணிலிருந்து, அஸ்திவார விரிசல் வழியே, மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறிவருவது. அது கட்டடத்தின் நோய். கட்டும்போதே மண்ணுக்கு மருந்தடிக்க ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரக்கட்டளை இருக்கிறது. கப்போர்டைக் கரையான் அரித்ததற்கு வாடகைக்கு இருந்தவரிடம் பணம் பிடிப்பது நியாயமில்லை. பார்த்தும் ஓனரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் அவர் பக்கமும் தவறு உண்டு. பெரிய செங்கரப்பான் சாக்கடைவாசி. குளியலறைத் துளை வழியே வரும், அடுக்குமாடியில் மொத்தக் குழாய்க்கும் மருந்தடித்தால்தான் அடங்கும். கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு போட்ட சின்னக் கரப்பான் வேறு சாதி. ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சு. சிந்திய சோறும் ஈரமும் கிடைக்கும் சமையலறையில்தான் பெருகும். மூன்று வருடம் இருந்த வீட்டில் இது கூட்டமாக இருந்தால் குடியிருந்தவர் தப்பிப்பது கடினம்; குடிவந்த இரண்டாம் வாரமே இருந்தால் முன்பு இருந்தவரின் சொத்து. மூட்டைப்பூச்சிக்கும் அதேதான். ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால், பூட்டிக் கிடந்த வீடு என்பது அதற்கு நற்சான்று ஆகாது.

ஆகவே தீர்ப்பு எழுதப்படுவது சாவி வாங்கும் நாளில். சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். சிங்க் அடி, கப்போர்டு மூலை, குளியலறைத் துளை எதையும் விடவேண்டாம். அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும். பூச்சி தென்பட்ட அன்றைக்கும் ஒரு செய்தி போடுங்கள். காலி செய்யும்போது பெருக்கித் துடைத்த வீட்டை இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்து, மறுபடி வீடியோ. ஓனர் பணம் பிடிக்கிறார் என்றால் வாய்க்கணக்கு போதாது, பெஸ்ட் கன்ட்ரோல் ரசீதைக் கேளுங்கள். அடிக்காத மருந்துக்குப் பிடித்த பணம் திரும்பவேண்டிய பணம். ஓனர்களுக்கும் இதே வீடியோதான் காப்பு. நாசமாக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அட்வான்ஸ் திரும்பாது என்று பயந்து, கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் கழித்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஓனர் ஒப்புக்கொண்டால் நல்ல வழிதான், எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். தன்னிச்சையாகச் செய்வது ஆபத்து, ஏனென்றால் இரண்டு மாத பாக்கி வெளியேற்றக் கோருவதற்கே காரணமாகிறது.

பேசித் தீராவிட்டால், எந்தத் தொகையை ஏன் ஏற்கவில்லை என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாதவர்களுக்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகுமுன் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்ற பழைய கணக்கு இந்தச் சட்டத்தில் செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவேண்டும். இணையத்திலேயே செய்யலாம், செய்யவேண்டியது வீட்டுக்குள் நுழையும்போது, சண்டை வந்த பிறகு அல்ல.