ஒரே செம்பு, மூன்று பதம்

நாகர்கோவிலில் வீட்டு ஏசி மாட்ட வருகிற மெக்கானிக் வண்டியிலிருந்து இறக்கும் காப்பர் பைப் வட்டமாகச் சுருட்டியிருக்கும். கையால் நெளித்தாலே நெளியும். சுவர் மூலை வந்தால் மேலே ஸ்பிரிங்கை மாட்டி வளைப்பார், நசுங்காமல் திரும்பிவிடும். பெரிய ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிற தடித்த குழாய்களோ நீட்டாக, விறைப்பாக இருக்கும். கையால் வளைக்கப் பார்த்தால் மடங்கிவிடும். திருப்பத்துக்குத் திருப்பம் எல்போ வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

இரண்டிலும் இருப்பது ஏறத்தாழ 99.9 சதவீதச் செம்பும் துளி பாஸ்பரசும்தான். முன்னது சாஃப்ட், பின்னது ஹார்டு. நடுவில் ஹாஃப் ஹார்டு ஒன்றும் உண்டு.

வித்தியாசம் செய்முறையில் இருக்கிறது. செம்பின் அணு அடுக்குகளில் ஆங்காங்கே உள்ள பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. அச்சின் வழியே குழாயை இழுத்து மெலிக்கும்போது அந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றை ஒன்று மறித்துக்கொள்கின்றன, குழாய் இறுகுகிறது. சில நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் புதிய படிகங்கள் உருவாகி மறுபடி இளகுகிறது. செப்புக்குடம் தட்டும் கன்னார் நடுநடுவே அதைத் தீயில் காட்டுவதும் இதற்காகத்தான். ஐரோப்பியத் தரநிலை மூன்று பதங்களையும் ஆர்220, ஆர்250, ஆர்290 என்கிறது. இழுத்தால் அறுபடாமல் தாங்கவேண்டிய குறைந்தபட்ச வலிமை அது, மெகாபாஸ்கல் கணக்கில்.

அப்படியானால் ஹார்டுதானே உசத்தி? ஸ்பிளிட் ஏசியில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே குழாயின் வாயை 45 டிகிரிச் சாய்வில் விரித்து, அதாவது ஃப்ளேர் போட்டு, பித்தளை நட்டால் இறுக்குகிறார்கள். ஹார்டு குழாயை அப்படி விரித்தால் விளிம்பு பிளக்கும். மயிரிழைக் கீறல் போதும், கேஸ் போய்விடும். இன்றைய கேஸான ஆர்32 பழைய கேஸான ஆர்22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுகிறது. இன்னொரு வேடிக்கை: ஹார்டு குழாயைப் பற்றவைத்ததும் அந்தச் சூட்டிலேயே இணைப்பைச் சுற்றி அது சாஃப்ட் ஆகிவிடுகிறது. அதனால் பற்றவைத்த குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்கும்போது, சாஃப்டின் வலிமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இந்தப் பதமெல்லாம் பொருட்டில்லை. அவுட்டோர் யூனிட்டில் அது முதலில் அரிப்பது செம்பை ஒட்டியுள்ள அலுமினியத் தகடுகளை.

வீடு மாறும்போது பதம் மறுபடி தலைகாட்டும். ஒருமுறை வளைத்த குழாயை நிமிர்த்தி மீண்டும் வளைத்தால், சாஃப்டும் அந்த இடத்தில் விறைத்துவிடும். நட்டு இறுகி இறுகிப் பழைய ஃப்ளேரும் மெலிந்திருக்கும். விவரமான மெக்கானிக் அதை அறுத்தெறிந்து, பிசிறு நீக்கி, நட்டை முதலில் குழாயில் கோத்துக்கொண்டு புது வாய் விரிக்கிறார். நட்டை மறந்தால் இன்னொரு முறை அறுக்கவேண்டும்.