கற்களுக்கு முன்னே நடந்த சபை



திம்புள்ள, டிக்கோயா மலைகளில் பயணம் செய்வோர், காசல்ரீ நீர்த்தேக்கத்திற்கு மேலே தேயிலைச் செடிகளின் நடுவே நிற்கும் கல்லாலான ஆலயமொன்றைக் கண்டிருப்பீர்கள். அதுவே 1878ஆம் ஆண்டு தோட்டத் துரைமார் எழுப்பிய வார்லி கிறிஸ்து ஆலயம். அங்கிருந்து சற்றுத் தொலைவில், போகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில், 1879இல் மரித்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

இவ்வாலய வளவுகளிலுள்ள கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலே விழுந்த நம் முன்னோருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. அவர்களைச் சபை நினைத்ததா?

நினைத்தது. வார்லி ஆலயம் எழும்புவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1854இல், அங்கிலிக்கன் சபையின் தமிழ் ஊழியம் மலைநாட்டில் தொடங்கிற்று. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து, தொழிலாளரின் சொந்த மொழியிலே நற்செய்தியை அறிவித்தார்கள். நாளடைவில் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளும் உண்டாயின. எனினும் அவ்வூழியத்தின் பெயரிலேயே "கூலி" என்னும் சொல் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. துரைமாரின் உதவியோடு நடந்த ஊழியம், துரைமாரின் சொல்லையும் சுமந்தது. இதையும் நாம் மறைக்கலாகாது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உறவுகள் பிரிந்தன. லயத்து அறைகள் பூட்டப்பட்டன. அந்த வேதனையின் நாட்களில், 1972இல், இயேசு சபைக் குருவான போல் கஸ்பெர்ஸ் அடிகளார் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். அவர் தோட்டத் தமிழ் மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார்; இரு இனத்தவரையும் ஒன்றாக அமரச் செய்தார்.

மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் நாள் நிறைவுற்றது. அதை ஒழுங்கு செய்தோரில் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. முன்னோர் விழுந்த பாதையிலே சபை மீண்டும் நடந்தது.

பிரியமானவர்களே, எம்மாவு வழியில் துக்கத்தோடு நடந்த இருவரோடு உயிர்த்த ஆண்டவர் தாமும் நடந்தார். முதலில் அவர்களுடைய மனக்குறையைக் கேட்டார். பின்பே வேதத்தை விளக்கினார். சபையின் ஊழியத்திற்கு இதுவே மாதிரி.

இன்றும் பல குடும்பங்கள் சொந்தக் காணியின்றிப் பழைய லயங்களிலேயே வாழ்கின்றன. ஆராதனை முடிந்து ஆலயப் படிகளில் இறங்கும் நீங்கள், அந்த லயத்துப் பாதையில் ஒருமுறையேனும் நடந்ததுண்டா? கற்சுவர்களை நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றார்கள். நடக்கவேண்டிய பாதை நமக்கு முன்னே இருக்கிறது. கர்த்தர் நம் கால்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.