குழந்தையோடு ஐரோப்பாவுக்கு: எந்த நகரம்?

ஐரோப்பாவைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, எந்த நகரத்துக்குப் போவது என்பதில் சாதாரணமாகச் சந்தேகமே எழுவதில்லை. பாரிஸ், லண்டன், ரோமாபுரி, வெனிஸ் என்ற நாலு பெயர்களும் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புஸ்தகத்தோடு நம் மனத்தில் ஒட்டிக்கொண்டவை. கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் மட்டும் போவதானால் அந்த நாலில் எதை எடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் கூட வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. ரோமாபுரியின் இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் அந்தக் குழந்தைக்கு எதிரில் நிற்க முடியாது. அதற்குத் தூக்கம் வந்துவிட்டால் ஸீஸருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இது ஆகாசக்கோட்டை கட்டுகிற விஷயமல்ல. உத்தியோகத்தின் பொருட்டு லண்டனிலும் பாரிஸிலும் ஜெர்மனியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். நாலு நாள் லீவு கிடைத்தால் பக்கத்து நாட்டு நகரம் ஒன்றுக்குப் போய்வருவது அவர்களுக்கு, நாம் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போய்வருவது மாதிரி. இங்கிருந்து பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கப் போகிற பாட்டியும் தாத்தாவும் பேரக் குழந்தையோடு அந்தப் பிரயாணத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். ஷெங்கன் விஸாவுக்குப் பெரியவர்களிடம் 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள். ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணமே இல்லை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கைரேகை எடுப்பதும் இல்லை. லண்டனுக்கு மட்டும் தனி விஸா. ஆகவே எல்லையைக் கடப்பதில் குழந்தையால் ஒரு கஷ்டமும் கிடையாது. கஷ்டமெல்லாம் ஊருக்குள் நுழைந்த பிறகுதான்.

"அத்தனை சின்னக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது? பெரியவனானதும் அழைத்துப் போனால் போகிறது!" என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஞாபகம் இராது என்பது வாஸ்தவம். ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு நேர்மாறானது. பெரியவர்கள் ஊரிலே அவதிப்பட்டாலும், திரும்பி வந்து படங்களைப் புரட்டிக் கொஞ்சம் சந்தோஷத்தைச் சம்பாதித்துக்கொண்டு விடுகிறோம். குழந்தைக்கு அந்த வழி இல்லை. அந்த நாலு நாளும் எப்படிக் கழிந்ததோ அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த ஐரோப்பா. அதன் தாயாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. வண்டியை மாடிப்படிகளில் தூக்கிக்கொண்டும், வரிசைகளில் அழுகையைச் சமாதானப்படுத்திக்கொண்டும் நாலு நாளைக் கழித்தால் அவளுக்கு அது விடுமுறையா, அல்லது இடம் மாறிய வீட்டு வேலையா? ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கேள்விக்குப் பாதி பதில் ஏற்பட்டுவிடுகிறது.

முதலில் ஊரின் தரையைப் பார்க்கவேண்டும். கோபுரத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். வெனிஸ் நகரத்தில் மோட்டார் வண்டி இல்லை என்று கேட்டதும் குழந்தைக்கு இதைவிடப் பத்திரமான ஊர் ஏது என்று தோன்றும். ஆனால் அங்கே நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஏறப் படி, இறங்கப் படி. குழந்தை வண்டியோடு ஒரு மணி நேரம் சுற்றினால் பழனி மலை ஏறி இறங்கிய பலன் கிடைக்கும். லிஸ்பன் நகரம் முழுவதும் மேடும் பள்ளமும். ரோமாபுரியின் பழைய வீதிகளில் பாவியிருக்கும் கருங்கற்கள், சின்ன சக்கரத்தை ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துகின்றன. எட்டு வயதுப் பையனுக்கு இவை ஒன்றும் பிரமாதமில்லை, அவன் ஓடுவான். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த மூன்று ஊர்களையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாரிஸ் விஷயத்தில் கொஞ்சம் நியாயம் பேசவேண்டும். அந்த ஊர்ப் பாதாள ரயில் 1900-ல் ஏற்பட்டது. அதை அமைத்தவர்கள் வண்டி தள்ளும் தாய்மாரை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய ஸ்டேஷன்களில் படிக்கட்டுக்குப் பின் படிக்கட்டு வந்துகொண்டேயிருக்கும். 1998-ல் திறந்த பதினாலாம் நம்பர் பாதையில்தான் எல்லா இடத்திலும் லிப்ட் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸிலேயே போவது என்று தீர்மானித்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது, வேடிக்கையும் பார்க்கலாம். லக்ஸம்பர்க் தோட்டத்தில் சிறுவர்கள் குச்சியால் தள்ளி விடுவதற்குப் பாய்மரப் பொம்மைப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கேயுள்ள குதிரை ராட்டினம் 1879-ஆம் வருஷத்தது. அதன் உருவத்தை அமைத்தவர் பாரிஸ் ஆப்பெரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே. சுற்றும் குதிரையில் உட்கார்ந்தபடியே குழந்தைகள் ஒரு கோலினால் வளையங்களைக் கோத்தெடுக்கவேண்டும். அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் முழுவதையும் செலவிடத் தயாராயிருப்பவர்கள் பாரிஸுக்குப் போகலாம். லூவர் காட்சிசாலையை விட மனம் வராதவர்கள் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

தரையைப் பார்த்த பிறகு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற வேடிக்கைகள் எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு. சாதாரணத் தெருமுனையில், காசு இல்லாமல், குழந்தைக்கென்று ஊரார் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. அப்படி ஒதுக்கிய ஊர்களின் சரித்திரத்தைக் கிளறினால் ஆச்சரியமான ஒரு விஷயம் தெரிகிறது. அந்த இடங்களில் பல, யுத்தத்திலும் துக்கத்திலும் பிறந்தவை.

கோபன்ஹேகன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோரன்ஸன் என்ற தோட்டக்கலை நிபுணர், பணம் செலவழித்து அமைத்த விளையாட்டுத் திடல்களைவிட, கட்டடம் கட்டுகிற இடத்துப் பலகைகளிலும் குப்பைச் சாமான்களிலும்தான் குழந்தைகள் அதிகச் சந்தோஷமாக விளையாடுவதைக் கவனித்தார். (இதற்கு நிபுணர் வேண்டுமா? விலையுயர்ந்த பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டியோடு குழந்தை விளையாடுவதைப் பார்க்காத பெற்றோர் உண்டா?) அவர் யோசனைப்படி 1943-ல், டென்மார்க் ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, எம்ட்ரப் என்ற பகுதியில் பழைய சாமான்களைக் கொண்டே ஒரு விளையாட்டிடம் ஏற்பட்டது. யுத்தம் முடிந்ததும் 1946-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆலன் சீமாட்டி அதைப் பார்த்துப் பரவசப்பட்டு, குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த லண்டன் மனைகளில் அதே மாதிரித் திடல்கள் ஏற்படப் பாடுபட்டார்.

கோபன்ஹேகன் சம தரையான ஊர். மெட்ரோ ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் லிப்ட் உண்டு. பிரதான ரயில் நிலையத்தின் எதிரிலேயே 1843-ல் திறக்கப்பட்ட டிவொலி பூங்கா இருக்கிறது. 1944-ல் நாஜிகளின் ஆட்கள் அதில் ஒரு பகுதியைக் கொளுத்திவிட்டார்கள். ஊரார் சளைக்காமல் மறுபடியும் கட்டினார்கள். 1914-ஆம் வருஷத்து மர ரயில் ஒன்று இன்னும் அங்கே மேலேறிக் கீழிறங்கி ஓடுகிறது. ஒவ்வொரு தொடரிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்த் தாய்மார் குழந்தைகளை வண்டியில் போட்டு வெளியிலேயே தூங்கவிடுவதைப் பார்த்து நம் பாட்டிமார் மூர்ச்சை போடாமல் இருந்தால் சரி. குறைகள் இரண்டு. விலைவாசி அதிகம். ஜூன் மாதத்தில் சூரியன் அஸ்தமிக்க இரவு பத்து மணி ஆகிவிடுகிறது, "இன்னும் இருட்டவில்லையே, நான் ஏன் தூங்கவேண்டும்?" என்று குழந்தை கேட்டால் பதில் சொல்ல முடியாது.

லண்டனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பாதாள ரயிலில் பதினோரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம் என்பதையும், இயற்கைப் பொருட்காட்சிசாலைக்குள் நுழையக் கட்டணம் இல்லை என்பதையும் சொன்னால் போதும். அங்கே 2017 முதல் கூரையிலிருந்து தொங்கும் 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் குழந்தைகள் கழுத்து வலிக்கப் பார்க்கின்றன. ஆனால் பிரயாணிகள் அதிகம் அறியாத ஓர் இடத்தைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தாமஸ் கோரம் என்று ஒரு கப்பல் தலைவர் இருந்தார். கடல் வாழ்க்கையை விட்டு லண்டனில் குடியேறியபோது, தெருவோரங்களில் சிசுக்கள் எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டு அவர் மனம் துடித்தது. பதினேழு வருஷம் சீமான்கள் வீட்டு வாசல்களிலும் சீமாட்டிகள் வாசல்களிலும் ஏறி இறங்கி, 1739-ல் அரசாங்க சாஸனம் பெற்று அநாதைக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி ஏற்படுத்தினார். குழந்தையை அங்கே விட்டுப் போன தாய்மார்கள், பிற்காலத்தில் நல்ல காலம் பிறந்தால் அடையாளம் சொல்லி மீட்பதற்காக ஒரு துணித் துண்டையோ தேய்ந்த நாணயத்தையோ கூட வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து மீட்டவர்கள் மிகச் சிலரே. அந்த அடையாளப் பொருள்களில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சங்கீத மேதை ஹாண்டல் அந்த விடுதியின் தேவாலயத்தில் 1750-ல் தம்முடைய பெரிய இசைப் படைப்பை நடத்தி நிதி திரட்டிக் கொடுத்தார். 1926-ல் விடுதி ஊருக்கு வெளியே போய்விட்டது, கட்டடத்தை இடித்தார்கள். மனையைக் கூறுபோட்டு விற்றுவிடாதபடி அக்கம்பக்கத்தார் போராடினார்கள். 1936-ல் அது கோரம் மைதானம் என்ற பெயரில் குழந்தைகளின் சொத்தாயிற்று. ஏழு ஏக்கர், நடு லண்டனில், பிரிட்டிஷ் மியூஸியத்திலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் இல்லை. வாசலில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: குழந்தை துணை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே வரக்கூடாது. பிரபுவானாலும் மந்திரியானாலும் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு குழந்தை வேண்டும்!

ஆம்ஸ்டர்டாமின் கதையும் யுத்தத்தோடு சேர்ந்ததுதான். 1944-45 குளிர்காலத்தில் அந்த ஊர் பட்டினியால் வாடியது. குளிருக்கு எரிக்க, ஆளில்லாத வீடுகளின் மரங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். நாஜிகள் பிடித்துக்கொண்டுபோன யூதர்களின் வீடுகள் அவற்றில் அநேகம். இடிந்த மனைகள் ஊரெங்கும் காலியாகக் கிடந்தன. 1947-ல் நகரசபையில் வேலைக்குச் சேர்ந்திருந்த அல்டோ வான் ஐக் என்ற இளம் சிற்பி, பெர்ட்டல்மன் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் போடச் சில இரும்புக் கம்பிகள், தாண்டிக் குதிக்கச் சில கற்கள், அவ்வளவே. வேலி கிடையாது, காவல் கிடையாது. அதைப் பார்த்த பக்கத்துப் பேட்டைக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நகரசபைக்கு எழுதினார்கள். முப்பது வருஷத்தில் எழுநூறுக்கு மேல் ஏற்பட்டன. இன்று அவற்றில் பல மறைந்துவிட்டாலும், ஆம்ஸ்டர்டாமில் நாலு தெரு நடந்தால் குழந்தைக்கு ஓர் இடம் தட்டுப்படாமல் இராது.

இருந்தபோதிலும், நடக்கத் தொடங்கி இன்னும் சொல் கேட்கத் தொடங்காத வயதுக் குழந்தையோடு அங்கே போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கால்வாய்க் கரைகளில் பெரும்பாலும் தடுப்பு இல்லை. சைக்கிள்கள் சத்தமில்லாமல் வருகின்றன. பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. விடுதி அமர்த்தும்போது லிப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து, முதல் பிரயாணத்துக்கு ஒரே ஊரைச் சொல் என்று கேட்டால் நான் வியன்னாவைச் சொல்வேன். அதன் கீர்த்தி சங்கீதத்தால் வந்தது. குழந்தைக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. ஷேன்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தில் 1752-ல் ஏற்பட்ட மிருகக்காட்சிசாலை, உலகத்தில் இடைவிடாமல் நடந்துவருகிறவற்றில் மிகப் பழையது. ராஜ குடும்பத்தின் வேட்டைக் காடாயிருந்த பிராட்டர் வனத்தை 1766-ல் இரண்டாம் ஜோஸப் சக்கரவர்த்தி ஜனங்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே 1897-ல் நிறுவிய ராட்சத ராட்டினம், ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். 1944-ல் எரிந்து, 1947-ல் மறுபடி சுழலத் தொடங்கியது. முப்பது பெட்டிகளாயிருந்தவை இப்போது பதினைந்துதான். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சிறிய அறை மாதிரி இருக்கிறது. அது சுழல்வதை உள்ளே இருப்பவர்கள் உணர்வதுகூட இல்லை. ஆகையால் பயந்த குழந்தைகளும் ஏறலாம், பயந்த அப்பாக்களும் ஏறலாம். டிராமில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அரசாங்கக் காட்சிசாலைகளில் பத்தொன்பது வயது முடியாதவர்கள் எல்லோருக்கும் இலவசம். பத்து நிமிஷத்தில் குழந்தை வெளியே இழுத்து வந்துவிட்டாலும் அதன் டிக்கெட் பணம் வீண் என்று வயிறெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். பாலும் தயிரும் அரிசியும் சனிக்கிழமையே வாங்கி, சமையலறையோடு கூடிய ஜாகையாகப் பிடித்துக்கொண்டால் தயிர் சாதத்துக்குப் பஞ்சமில்லை.

மே மாதமும் செப்டம்பரும் நல்ல பருவம். ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். மத்தியானத் தூக்கத்தை எந்த அரண்மனைக்காகவும் தியாகம் செய்யக்கூடாது. இன்னொன்று: இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு, கோடையில் வியன்னாக் கடிகாரம் நம்முடையதற்கு மூன்றரை மணி பின்தங்கி இருக்கும். இங்கே ஆறரைக்கு எழுந்திருக்கிற குழந்தை அங்கே மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டு விளையாட வா என்று கூப்பிடும். அதை அதட்டித் தூங்கவைக்க முயல்வதில் பிரயோஜனமில்லை. பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக் கீழே அழைத்து வாருங்கள். ஐந்து மணி சுமாருக்கு டிராம்கள் புறப்பட்டுவிடுகின்றன. அந்த நேரத்தில் முன் பக்கத்து ஜன்னலோர இடம் அநேகமாகக் காலியாகவே இருக்கும்.