கருவுற்ற தாயும் புற்றுநோயும்



கர்ப்பிணியின் மார்பில் கட்டி தென்பட்டால், "பால் கட்டியிருக்கும், பிள்ளை பிறந்தால் கரைந்துவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் புற்றுநோய் காணப்படுகிறது. அதில் மார்பகப் புற்றுநோயே முன்னணியில் நிற்கிறது. எனவே இரண்டு வாரங்கள் கடந்தும் கரையாத கட்டியைக் கிளினிக்கில் காட்டிவிட வேண்டும். ஸ்கேன் பரிசோதனையும், ஊசியால் சிறிது தசை எடுத்துப் பார்ப்பதும் சிசுவுக்குத் தீங்கு செய்வதில்லை. பெண் வைத்தியர் இல்லாதவிடத்து, கணவரோ மஹ்ரமோ உடனிருக்க ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. வெட்கத்தால் மாதங்களைக் கடத்துவதே ஆபத்து.

நோய் உறுதியானதும், "தாயா, பிள்ளையா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. பெரும்பாலான வேளைகளில் அக்கேள்விக்கே இடமில்லை. சத்திரசிகிச்சையைக் கர்ப்ப காலத்திலேயே செய்யலாம். சிசுவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் கீமோதெரபியைத் தவிர்ப்பர். அதன்பின் அம்மருந்துகளில் பலவற்றைக் கொடுக்க முடியும். தாயினதும் சிசுவினதும் இரத்த அணுக்கள் மீள்வதற்காகப் பிரசவத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் முன்னதாக நிறுத்துவர். கதிர்ச் சிகிச்சை பொதுவாகப் பிரசவத்தின் பின்னரே. பெல்ஜியத்தின் வைத்தியர் பிரடெரிக் அமாந்த் குழுவினர், கர்ப்ப காலத்தில் புற்றுநோய்க்குள்ளான தாய்மாரின் 129 பிள்ளைகளை ஆராய்ந்து 2015 இல் முடிவுகளை வெளியிட்டனர். அப்பிள்ளைகளின் இருதயமும் அறிவு வளர்ச்சியும் ஏனைய பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன. அறிவு வளர்ச்சியில் கண்ட பின்னடைவு குறைமாதப் பிறப்போடு தொடர்புபட்டிருந்தது. ஆகவே, பயந்து பிள்ளையை முன்கூட்டியே எடுத்துவிடும்படி வைத்தியரை நெருக்க வேண்டாம்.

120 நாட்கள் நிறைந்த கருவை, தாயின் உயிருக்கு நிச்சயமான ஆபத்து என நம்பகமான வைத்தியர் குழு உறுதிப்படுத்தினாலன்றிக் கலைக்கலாகாது என்று மக்காவின் ராபிதா பிக்ஹு மன்றம் 1990 இல் தீர்மானித்தது. இலங்கைச் சட்டமும் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே அனுமதிக்கிறது. எனவே மௌலவியிடம் வருமுன் வைத்தியரிடம் செல்லுங்கள். அவரது அறிக்கையின்றி நாங்கள் கூறுவதற்கு எதுவுமில்லை.

பளையிலுள்ளோர் மஹரகமை தூரமென்று மலைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதி அதன் கட்டடத்துக்கு உதவியது. அங்கு செல்கையில் கர்ப்பிணிப் பதிவேட்டையும் கொண்டுசெல்லுங்கள்; மகப்பேற்று வைத்தியரும் புற்றுநோய் வைத்தியரும் கலந்து முடிவெடுக்க அது தேவை.

கீமோதெரபி நடைபெறும் காலத்தில் தாய்ப்பால் ஊட்டலாகாது. மருந்து பாலில் கலக்கும். வேறொரு தாய் பாலூட்டினால், ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை அருந்திய பிள்ளை அவருக்குப் பால்குடிப் பிள்ளையாகிவிடும். அவருடைய மக்களை மணக்க முடியாது. பாலூட்டியவரின் பெயரை வாப்பா எழுதி வைத்துக்கொள்ளட்டும்.