பாலசந்தரின் தொலைக்காட்சித் தொடர்கள்: மேடை மரபின் மீள்வருகை

கே. பாலசந்தரின் (1930–2014) தொலைக்காட்சிப் பணியைத் திரைவாழ்வின் பிற்சேர்க்கையாகக் கொள்வது பொருந்தாது. அலுவலகப் பணிக்கிடையே மேடை நாடகம் எழுதியவர் அவர். தம் நாடகத்தைத் தழுவி இயக்கிய முதற்படமான ‘நீர்க்குமிழி’ (1965) முழுவதும் மருத்துவமனையிலேயே நிகழ்கிறது. மாந்தரை ஓரிடத்தில் நிறுத்தி உரையாடலால் கதை நகர்த்தும் இம்முறை, திரையில் ‘நாடகத்தன்மை’ எனக் குறைகூறப்பட்டது; சின்னத்திரையிலோ அதுவே வலிமையாயிற்று. ‘கையளவு மனசு’ தொடரில், இறப்பை எதிர்நோக்கும் தாய் தன் பிள்ளைகளுக்கு வேறு இல்லங்கள் தேடுகிறாள். திரைப்படத்தில் சில நிமிடங்களில் சுருங்கியிருக்கக்கூடிய பிரிவுகள், தொடரில் ஒவ்வொன்றாக முழுமை பெறுகின்றன. தயாரிப்பில் அவர் நோக்கு இன்னும் விரிந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ பாலசந்தரின் பாணிக்கு முற்றிலும் அயலானது. எனினும் அதனைத் தயாரித்தது அவர்தம் மின்பிம்பங்கள் நிறுவனமே.