உங்களுக்குத் தெரியுமா? மதம் மாறிய குரல்களும் கொல்கத்தா ரெக்கார்டுகளும்

● இந்தியாவில் விற்பனைக்கான இசைத்தட்டு முதன்முதலில் பதிவானது கொல்கத்தாவில், 1902 நவம்பரில். லண்டன் கம்பெனி ஒன்றுக்காகக் கப்பலேறி வந்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க், ஹோட்டல் அறையையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். முதலில் பாடியவர்கள் சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடகக் கம்பெனிப் பெண்கள். கெய்ஸ்பெர்க்குக்குத் திருப்தி இல்லை. அடுத்த சில நாட்களில் நகையும் பட்டுமாக வந்து இறங்கினார் பாடகி கௌஹர் ஜான். அவர் கேட்ட தொகை 3,000 ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்து 3,000!

● அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய குழலுக்குள் முகத்தைக் கொடுத்து, அடித்தொண்டையிலிருந்து பாட வேண்டும். அந்த அதிர்வில் ஊசி நடுங்கி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். இருப்பது மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் விரித்துப் பாடுகிற ராகத்தை அதற்குள் ஆரம்பித்து, சூடுபிடிக்க வைத்து, முடித்தும் ஆக வேண்டும். எத்தனையோ வித்வான்கள் இதற்குப் பயந்தே ரெக்கார்டு பக்கம் தலைவைக்கவில்லை. கௌஹர் ஜான் சமாளித்தார். பாடி முடித்த மூச்சிலேயே ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்!’ என்று ஆங்கிலத்தில் ஓங்கிச் சொல்வார். இன்று கேட்பவர்களுக்கு அது திமிராகப் படலாம். விஷயம் வேறு. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் இசைத்தட்டாகத் திரும்பும். எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அங்கே இருக்கும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா?

● அந்தப் பெயர் பிறந்தபோது வைத்ததல்ல. 1873இல் ஆசம்கரில் பிறந்தபோது அவர் ஏஞ்சலினா யோவர்ட், கிறிஸ்தவக் குழந்தை. அப்பா ஆர்மீனிய வம்சம். பெற்றோர் பிரிந்தபின் அம்மா விக்டோரியா மகளுடன் காசிக்குப் போய் இஸ்லாத்தைத் தழுவினார். அம்மா மல்கா ஜான் ஆனார், மகள் கௌஹர் ஜான். 1883இல் இருவரும் கொல்கத்தா வந்தார்கள். கிராமபோன் வந்து சேர்வதற்குள் பெயர் மாறி ஏறக்குறைய இருபது ஆண்டு ஓடிவிட்டது. ஆகவே ஏஞ்சலினாவின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. இருக்கிற தட்டுகளிலோ இந்த முஸ்லிம் பாடகி கிருஷ்ணன் மேல் உருகி உருகிப் பாடுகிறார்.

● கௌஹர் ஜான் சென்னைக்கும் வந்தவர். 1910இல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் கச்சேரி. கொஞ்ச நாளிலேயே அவருடைய இந்துஸ்தானிப் பாட்டுகள் தமிழில் வந்த இசைப் புத்தகம் ஒன்றில் ஏறிவிட்டன. அவர் பதிவு செய்த சுமார் 600 ரெக்கார்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு; தமிழும் அதில் சேர்த்தி. கடைசியில் மைசூர் அரண்மனை வித்வாம்சினி. 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார்.

● மதம் மாறுவதற்கு முந்தைய குரல் பத்திரமாகக் கிடைப்பது இன்னொரு கொல்கத்தாக்காரருக்கு. 1992இல் ‘தோமாகே சாய்’ கேசட் வங்காளத்தையே புரட்டிப் போட்டபோது அதில் இருந்த பெயர் சுமன் சட்டோபாத்யாய். 2000இல் முஸ்லிமாகி கபீர் சுமன் ஆனார். பெற்றோர் வைத்த ‘சுமன்’ போகவில்லை. வைணவப் பதங்கள் எழுதிய முஸ்லிம் கவிஞர் ஷேக் கபீரின் பெயர் முன்னால் சேர்ந்துகொண்டது. 2009இல் ஜாதவ்பூர் எம்.பி.யும் ஆனார்.

● கடல் கடந்தும் இப்படி ஒருவர் உண்டு: யூதராகப் பிறந்த அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1970களின் இறுதியில் கிறிஸ்தவத்துக்கு மாறினார். 1978 நவம்பரில் சான் டியேகோ மேடையில் ரசிகர் யாரோ வீசிய சின்ன வெள்ளிச் சிலுவையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். அதே ஆண்டு தொடக்கத்தில் டோக்கியோ புடோகான் அரங்கில் பதிவான அவருடைய நேரடிக் கச்சேரி, ஜப்பானுக்கு வெளியே கடைக்கு வந்தது 1979இல். பாடும்போது இருந்த டிலன் வேறு, விற்கும்போது இருந்த டிலன் வேறு!

● டிலனுக்கும் வங்காளத்துக்கும் என்ன சம்பந்தம்? 1967 டிசம்பரில் வந்த ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். டிலனுக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் வங்காளத்தில் பாவுல் என்று அழைக்கப்படும் நாடோடிப் பாடகர்களான அண்ணன் தம்பி, பூர்ணதாஸும் லக்ஷ்மண்தாஸும். டிலனும் அவருடைய ‘தி பேண்ட்’ இசைக்குழு நண்பர்களும் பாடிப் பதிந்துகொண்டிருந்த ‘பிக் பிங்க்’ வீட்டு நிலவறையிலேயே இந்தப் பாவுல்களின் பாட்டும் பதிவானது. டேப்பை ஓடவிட்டவர் பேண்டின் ஆர்கன் கலைஞர் கார்த் ஹட்சன்.